தாசில்தார் மிரளவில்லை

2023 நவம்பர் 18, சனிக்கிழமை காலை, அலங்காநல்லூர் சாலையிலிருந்து கரையாம்பட்டிக்குப் பிரியும் விலக்கில், ஜல்லிக்கட்டுக் காளை ஒன்றின் கயிறு சுற்றி இழுத்ததில் உடற்கல்வி ஆசிரியை ஜெனிஷாவின் வலது கணுக்கால் உடைந்தது.

அன்று வட்டார அளவிலான விளையாட்டுப் போட்டி. மிஷன் பள்ளியின் பிள்ளைகள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். ஸ்கூட்டியில் பின்னால் வந்த ஜெனிஷா, விலக்கில் இருந்த டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, வேன் எதுவரை போயிருக்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே முத்திருளன் மொபெட்டில் மெதுவாக வந்தார். பக்கத்தில் அவருடைய காளை நடந்து வந்தது. தை மாதத்துக்கு முன்னால் காளைகளுக்கு நடை பழக்குவார்கள். நடந்தே கூட்டிப் போகிறவர்கள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் வண்டியில் உட்கார்ந்துகொண்டு கயிற்றைக் கையில் பிடித்தபடி போவார்கள். முத்திருளன் கயிற்றைக் கையில் பிடிக்கவில்லை, ஹேண்டில்பாரில் சுற்றியிருந்தார். ஜெனிஷா அதைப் பார்த்தார்.

சாலையோரத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. மொபெட்டின் முன்சக்கரம் அதில் வழுக்கிச் சாய்ந்தது. கயிறு சுண்டியது, காளை ஓடியது, ஹேண்டில்பாரிலிருந்து கழன்ற கயிறு சாலையில் பாம்பு போல வந்து ஜெனிஷாவின் காலில் சுற்றிக்கொண்டது. பக்கத்துச் சிறு பாலம் வரை காளை அவரை இழுத்துப் போனது; அதன் கைப்பிடிச் சுவரில் கால் மோதியபோதுதான் கயிறு விட்டது.

முதலில் ஓடி வந்தவர் முத்திருளன்தான். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் காலைச் சுற்றிக் கட்டியதும், ஆட்டோவை மறித்து ஏற்றிவிட்டதும் அவர்தான். அதன் பிறகே மாட்டைத் தேடிப் போனார்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கணுக்காலுக்குள் தகடு வைத்தார்கள். இரண்டு நாள் கழித்து முத்திருளனும் அவர் மனைவி அன்னக்கொடியும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஜெனிஷாவின் கணவர் மரியராஜ், காளவாசலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். முத்திருளன் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, ஆசுபத்திரிச் செலவு அம்புட்டையும் நாங்க பாத்துக்கிறோம். இந்தா, இப்ப கொஞ்சம் கொண்டாந்துருக்கேன். ஒண்ணே ஒண்ணு. மாடு இழுத்துச்சுன்னு மட்டும் வெளிய சொல்லிப்புடாதீக."

"பின்ன என்னன்னு சொல்ல?"

"வண்டில வரையில சறுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருங்க. தை வருதுல்ல. மாட்டு மேல புகார் கிகார்னா வாடில இறக்க டோக்கன் கிடைக்காதுன்னு பயலுக சொல்றாய்ங்க."

அன்னக்கொடி குறுக்கிட்டார். "நீங்க ஹார்ன் அடிச்சிருப்பீகம்மா. அது மிரண்டிருக்கும். வாயில்லாச் சீவன், அது என்னத்தக் கண்டுச்சு?"

"சாவி என் கையில இருந்துச்சு. சாவி இல்லாத வண்டில எங்கிட்டு ஹார்ன் அடிக்க?"

முத்திருளன் ஜன்னல் பக்கம் பார்த்தார். 

ஜெனிஷாவின் மைதானத்தில் ஒரு விதி இருந்தது. கபடியோ கோகோவோ, ஒருவரால் இன்னொருவர் கீழே விழுந்தால், விழவைத்தவர் அங்கேயே நின்று கையைத் தூக்கி "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அதற்குத் தண்டனை கிடையாது. சொல்லாவிட்டால் அந்த ஆட்டம் அத்துடன் நின்றுவிடும். வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

"அண்ணே, பணம் தர்றதா இருந்தா எதுக்குத் தர்றீங்கன்னு சொல்லிட்டுத் தாங்க. கயித்த ஹேண்டில்ல சுத்தி வச்சிருந்தேன், அதனால உங்க காலு ஒடஞ்சுச்சுன்னு சொல்லுங்க. அதுக்குப் பேரு இழப்பீடு. சொல்லாமக் குடுத்தா அது தர்மம். தர்மம் வாங்குற நெலமைல நாங்க இல்ல."

"அதெப்படிம்மா சொல்ல முடியும்?"

"அப்பப் பணத்தையும் கொண்டு போங்க. ஆப்பிள் இருக்கட்டும்."

அவர்கள் போன பிறகு மரியராஜ் சொன்னார்: "வாங்கியிருக்கலாம் ஜெனி. கோர்ட்டு, வாய்தான்னு அலைய நம்மால ஆகுமா? மனுசன் நல்ல மனுசன்தான்."

"நல்ல மனுசன்னுதான் கேக்குறேன். கெட்டவன்கிட்ட நான் ஏன் கேக்கப் போறேன்?"

கால் ஓரளவு ஊன்றத் தொடங்கியதும் பள்ளிக்குத் திரும்பினார். ஒரு காலத்தில் மாவட்ட அளவில் நீளம் தாண்டியவர். எந்தப் பயிற்சியையும் தானே செய்து காட்டாமல் பிள்ளைகளிடம் கேட்டதில்லை. இப்போது வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதினார். அவர் சொல்லச் சொல்ல, இளைய ஆசிரியை ஒருவர் தாண்டிக் காட்டினார். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் மணலைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு மாணவி, எந்தக் குறும்பும் இல்லாமல், "மிஸ், போன் பேசிக்கிட்டே வண்டி ஓட்டி விழுந்துட்டீங்களாமே, கரையாம்பட்டி பஸ்ல பேசிக்கிட்டாங்க" என்று கேட்டாள்.

போலீசில் புகார் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. விசாரிக்க வந்தவர்களிடம் ஊர் ஒரே வாயாகச் சொல்லியிருந்தது: ஏதோ மாடு ஓடுச்சு, யாரு மாடுன்னு தெரியல. டீக்கடைக்காரருக்கு அன்று கண்ணில் தூசு விழுந்திருந்ததாம். மாணவி அப்படிக் கேட்ட அன்று மாலை ஜெனிஷா வீட்டுக்குப் போகவில்லை. காளவாசலில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த வழக்கறிஞர் அலுவலகத்தின் படிகளில் கைத்தடியை ஊன்றி ஏறினார்.

வழக்கறிஞர் பாண்டிமீனா, கீழக்குயில்குடிக்காரர். வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஜல்லிக்கட்டு மாடு வளர்த்தவர்கள். ஜெனிஷா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மாடு பேரு என்ன டீச்சர்?"

"தாசில்தார்."

"தாசில்தாரா! அப்ப மனு குடுத்துட்டு நாம காத்துக்கிட்டேதான் கெடக்கணும்."

ஜெனிஷா சிரித்தார். கால் உடைந்த பிறகு வெளியாட்களிடம் அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

"முன்கூட்டியே சொல்லிர்றேன்," என்றார் பாண்டிமீனா. "சாட்சின்னு அந்த ஊர்ல இருந்து ஒரு ஈ காக்கா வராது. எங்க வீட்டு மாடா இருந்தா நானும் வந்திருக்க மாட்டேன். அந்த ஆளே வாயத் தொறந்து ஒத்துக்கிட்டாத்தான் உண்டு."

"அதுதானே எனக்கு வேணும்."

"பணம்?"

"பணமும் வேணும். ஆனா அது அவர் சொன்னதுக்கு அப்புறம் வரணும்."

வழக்குப் போட்டார்கள். முத்திருளனின் உறவினர்கள் மதுரை டவுனில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துக் கொடுத்தார்கள். நில வழக்குகளில் பேர் வாங்கியவர். ஜல்லிக்கட்டை டிவியில் மட்டும் பார்த்தவர். அவர் தயாரித்த பதில் மனு வந்த அன்று பாண்டிமீனா அதை வாசித்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி வாசித்து, நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"என்ன?" என்றார் ஜெனிஷா.

"வக்கீல் ரெண்டு பக்கமும் கதவ அடைச்சிருக்காரு. ஒண்ணு, அது எங்க மாடே இல்ல. ரெண்டு, அப்படியே எங்க மாடுன்னாலும், நீங்க ஹார்ன் அடிச்சதால பயந்து ஓடிருச்சு. சட்டப்படி இப்படி எழுதலாம். எல்லாரும் எழுதுறதுதான்." கடைசிப் பக்கத்தைத் திருப்பி முத்திருளனின் கையெழுத்தைக் காட்டினார். "ஆனா இத அவரு வாசிச்சிருக்க மாட்டாரு டீச்சர். வாசிச்சிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரு."

விபத்துக்குப் பிறகு வந்த இரண்டு தை மாதங்களிலும் தாசில்தார் வாடிவாசலில் இறங்கியது. புகாரைக் காரணம் காட்டி யாரும் டோக்கனை மறுக்கவில்லை. இரண்டு முறையும் அது பிடிபடவில்லை. ஊர் இளைஞர்கள் அதன் படத்தைப் போட்டு மஞ்சள் பனியன் அடித்துக்கொண்டார்கள். ஜெனிஷா நாற்காலியிலிருந்து எழுந்து நடந்தே பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருந்தார். தாண்டிக் காட்ட முடியவில்லை. வாய்தா எதையும் அவர் தவறவிட்டதில்லை. நீதிமன்ற நடைபாதையில் முத்திருளனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வணக்கம் வைப்பார், முத்திருளனும் வைப்பார். ஒருமுறை, "முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று ஜெனிஷா கேட்டார். "அது கெடக்கு கழுதை. உங்க காலு?" என்றார் முத்திருளன். "அது கோர்ட்ல இருக்கு" என்றார் ஜெனிஷா.

2025 மார்ச்சில் முத்திருளனின் குறுக்கு விசாரணை வந்தது. அவருக்குத் துணையாகக் கரையாம்பட்டியிலிருந்து ஒரு மினி வேன் நிறைய ஆட்கள் வந்து பின் பெஞ்சுகளை நிறைத்தார்கள். அவருடைய அக்கா மகன் விக்ரம் மஞ்சள் பனியனோடு வந்துவிட்டான். வாசலிலேயே அன்னக்கொடி அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா கூறுகெட்டவனே, எங்க மாடே இல்லன்னு உங்க மாமா சொல்லப் போறாரு. நீ படத்த மாட்டிக்கிட்டு வந்துருக்க."

"பஸ்ல எடம் பிடிக்க வசதியா இருக்கும்னு போட்டேன் அத்தை."

"வேன்லதானடா வந்த?"

அவன் பனியனைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

நீதிபதி ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். முத்திருளன் வெள்ளைச் சட்டையும் புது வேட்டியுமாகக் கூண்டில் ஏறி நின்றார். பாண்டிமீனா விபத்தைப் பற்றி எதுவும் கேட்காமல் தொடங்கினார்.

"உங்ககிட்ட மாடு இருக்கா?"

"இருக்கு."

"பேரு?"

"தாசில்தார்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "அப்படி ஏன் பேர் வச்சீங்க?" என்று அவரே கேட்டார்.

"எங்க நெலத்துக்குப் பட்டா மாறி வந்துச்சும்மா. அப்பா காலத்துல இருந்து நடையா நடந்தது. அது கையில வந்த அன்னைக்குப் பொறந்த கன்னு."

பாண்டிமீனா தொடர்ந்தார். "இதுவரைக்கும் எங்கயாச்சும் பிடிபட்டிருக்கா?"

முத்திருளனின் முதுகு நிமிர்ந்தது. "வாடிய விட்டு வந்தா ஒரு பய அது திமிலத் தொட்டதில்ல. நின்னு விளாடும். கூட்டத்தப் பாத்து ஓடுற சோலியே அதுகிட்டக் கெடையாது."

"சத்தத்துக்கு?"

"மைக்கு, வேட்டு, கொட்டு, எதுக்கும் காது கூட அசைக்காது."

"நல்ல மாடு. 2023 நவம்பர் 18-ஆம் தேதி கரையாம்பட்டி விலக்குல என் கட்சிக்காரரை இழுத்துட்டுப் போனது அந்த மாடுதானா?"

முத்திருளன் தன் வழக்கறிஞரைப் பார்த்தார். பிறகு கூண்டின் கட்டையைப் பார்த்தார். "இல்ல."

"சரி. உங்க பதில் மனுவுல அஞ்சாவது பத்தியை வாசிக்கிறேன். 'மேற்படி காளை பிரதிவாதியுடையதே என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டாலும், வாதி தனது வாகனத்தின் ஹார்னை ஒலித்ததால் அது அச்சமுற்று, மிரண்டு, கட்டுக்கடங்காமல் ஓடியது.' இதுல உங்க கையெழுத்து இருக்கு. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா. ஆனா..."

"அப்ப வாடியில வேட்டுச் சத்தத்துக்குக் காது அசைக்காத தாசில்தார், ரோட்டுல ஒரு ஸ்கூட்டி ஹார்னுக்கு அச்சமுற்று ஓடுச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்படித்தானே?"

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். "மேடம், இது மாற்று வாதம். சாட்சிக்கு இதெல்லாம் புரியாது."

"கேள்வி புரியுதா?" என்று நீதிபதி முத்திருளனைக் கேட்டார்.

முத்திருளன் பதில் சொல்வதற்குள் பின் பெஞ்சிலிருந்து விக்ரமின் குரல் வந்தது. "மாமா, பயந்து ஓடுச்சுன்னா எழுதிக் குடுத்த?" நீதிமன்றப் பணியாளர் அதட்டினார். விக்ரம் உட்கார்ந்தான். ஆனால் அந்தக் கேள்வி பெஞ்சு முழுக்கப் பரவியது. கரையாம்பட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்காகப் பொய்க்குத் துணை நிற்க வந்தவர்கள் அவர்கள். மாட்டைப் பற்றி இப்படி ஒரு பொய் இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முத்திருளன் கூண்டுக்குள் நின்றபடி வலது கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்காமல் நின்றார். வழக்கறிஞர் பேச்சை நிறுத்தினார்.

"அம்மா, அது பொய்."

"எது?" என்றார் நீதிபதி.

"தாசில்தார் மிரளல. ஹார்னுக்கும் மிரளல, எதுக்கும் மிரளல. அந்த டீச்சரம்மா ஹார்னே அடிக்கல. வண்டி சும்மா நின்னுச்சு."

"அப்படின்னா அது உங்க மாடு?"

"எம் மாடுதேன். வேற யாரு மாடு அந்த நடை நடக்கும்?"

"பின்ன ஏன் ஓடுச்சு?"

"ஓடலம்மா. நாந்தேன் ஓட வச்சேன். முழங்கால் வலின்னு வண்டில உக்காந்து ஓட்டிட்டுப் போனேன். கயித்தக் கையில பிடிக்கணும். நான் ஹேண்டில்ல சுத்தி விட்டுட்டேன். ஜல்லில வண்டி சாஞ்சுச்சு. மூக்கணாங்கயித்த அந்தச் சுண்டு சுண்டுனா எந்த மாடும் நிக்காது. அதுக்கு மூக்குல ரெத்தம். அது வலில போச்சு. அதுல குத்தம் சொல்லாதீக. குத்தம் எம் மேல."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மெதுவாக உட்கார்ந்தார். நீதிபதி தட்டச்சரைப் பார்த்து, "சொன்னபடியே பதிவு பண்ணுங்க" என்றார். பிறகு முத்திருளனிடம், "நீங்க சொன்னதோட விளைவு உங்களுக்குத் தெரியுமா? இழப்பீடு நீங்க கட்ட வேண்டியிருக்கும்" என்றார்.

"கட்டுறேன்மா. அந்த அஞ்சாவது பத்திய மட்டும் அடிச்சிருங்க."

"அடிக்க முடியாது. ஆனா நீங்க மறுத்ததும் பதிவாயிருக்கு."

"அது போதும்."

பாண்டிமீனா மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார். ஜெனிஷா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கணுக்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, கூண்டில் நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியராஜ் அவர் தோளைத் தொட்டபோதுதான் தான் அழுவது அவருக்குத் தெரிந்தது.

வெளியே, நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் கரையாம்பட்டி முழுவதும் நின்றது. யாருக்கும் துக்கம் இல்லை. வழக்கில் தோற்ற ஊர் போலவே அது தெரியவில்லை. விக்ரம் பனியனை மறுபடி திருப்பிப் படம் வெளியே தெரிகிற மாதிரி போட்டிருந்தான். அன்னக்கொடி மட்டும் கணவரை விடவில்லை.

"பொண்டாட்டிக்கு மானம் போகையில எல்லாம் வாயில கொழுக்கட்ட வச்சிருந்த மனுசன். மாட்டுக்கு ஒண்ணுன்னதும் கோர்ட்டுல கையத் தூக்கி நிக்கிறாரு."

"ஆசுபத்திரில ஹார்ன் அடிச்சீகன்னு மொதல்ல சொன்னது யாரு? நீதான?"

"நான் பேச்சுக்குச் சொன்னேன். அத எழுதிக் குடுன்னா சொன்னேன்?"

ஜெனிஷா கைத்தடி இல்லாமல் நடந்து வந்தார். கைப்பையிலிருந்து துவைத்து மடித்த துண்டு ஒன்றை எடுத்து முத்திருளனிடம் நீட்டினார். கரை மங்கிய, ஓரத்தில் இன்னும் லேசாகப் பழுப்பு படிந்த துண்டு.

"உங்க துண்டு. அன்னைக்குக் கால்ல கட்டுனது."

முத்திருளன் வாங்கி விரித்துப் பார்த்தார். "இத வச்சே நீங்க கேஸ ஜெயிச்சிருக்கலாமே டீச்சர்."

"துண்டுல பேரா எழுதியிருக்கு? அதோட, உதவி பண்ண துண்ட வச்சுக் கேஸ் ஜெயிக்கிறது எனக்குப் பிடிக்கல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாடு மேல குத்தமில்லன்னு எழுதியாச்சுல்ல?"

"நான் என்னைக்குண்ணே மாட்டச் சொன்னேன்? மொதல் நாள்ல இருந்து உங்களத்தான சொன்னேன்."

முத்திருளன் சத்தமாகச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "டீச்சருக்கு ஒரு டீ போடப்பா, காசு எங்கிட்ட வாங்கிக்க" என்றார் அவர்.

"இது எதுக்கு?" என்றார் ஜெனிஷா.

"இது தர்மமும் இல்ல, இழப்பீடும் இல்ல. டீ."

ஜெனிஷா வாங்கிக் குடித்தார்.

செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மருத்துவச் செலவு, விடுப்பில் போன சம்பளம், வலிக்கும் ஊனத்துக்குமான தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைப் பிரதிவாதி தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. முத்திருளன் மேல்முறையீடு செய்யவில்லை. கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டினார். இப்போது தாசில்தாரைச் சாலையில் இருபுறமும் ஆள் பிடித்து நடத்திக் கூட்டிப் போகிறார்கள். ஜெனிஷாவின் வலது கணுக்கால் முழுதாக மடங்குவதில்லை. அவர் அதே பள்ளியில் வேலை பார்க்கிறார்.